இலங்கைக் கரையோரம் படகில் குடியிருக்கலாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும், வங்கிப் பணியிலிருந்து அண்மையில் ஓய்வுபெற்ற ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, சிறிய பாய்ப்படகு ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் வருடம் முழுவதும் இலங்கையைச் சுற்றிக் கரையோரமாகப் படகிலேயே வாழ முடியுமா? இருவருக்கும் நீச்சல் தெரியும்; கடல் பழக்கமில்லை."

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பொறியியலாளராக இருந்தவன். வேலையை விட்டபின் 32 அடி நீளமான பைபர் கிளாஸ் பாய்ப்படகு ஒன்றில் மனைவியுடன் ஐந்து பருவங்கள் குடியிருந்திருக்கிறேன். மீதி மாதங்களில் கொட்டாஞ்சேனை வீடு. அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், வாழ முடியும். ஆனால் உங்கள் கேள்வியிலிருந்து 'வருடம் முழுவதும்' என்பதையும் 'சுற்றி' என்பதையும் எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டும் போனபிறகு எஞ்சுவது நல்ல வாழ்க்கைதான். நீங்கள் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் வாழ்க்கையாக அது இருக்காது.

முதலில் 'சுற்றி' என்பதைப் பார்ப்போம். பாய்ப்படகின் அடியில் ஈயமோ இரும்போ வைத்த அடிக்கட்டை நீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் தாங்குவது அதுதான். என் படகில் அது ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் பல இடங்களில் அவ்வளவு நீர் இல்லை. மணலும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. கப்பல்கள் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போவதற்கே இலங்கையின் தெற்கைச் சுற்றிப் போவது இதனால்தான். மறுபக்கம் பாம்பன் கால்வாய் இருக்கிறது. 1914 ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி படகுகளுக்காக மேலே தூக்கப்படுகிறது. ஆனால் அது இந்தியக் கடல். அங்கே போவதென்றால் இலங்கையை விட்டு வெளியேறி, இந்தியாவுக்குள் முறைப்படி நுழைந்து, மீண்டும் இங்கே திரும்ப வேண்டும். எனவே நம்மைப் போன்றவர்களுக்கு இத்தீவின் கரை ஒரு வட்டம் அல்ல, லாடம். ஒரு நுனி கற்பிட்டி, மறு நுனி பருத்தித்துறை. போன வழியேதான் திரும்பி வர வேண்டும்.

'வருடம் முழுவதும்' என்பதைப் பற்றிச் சொல்ல இன்னும் அதிகம் உண்டு. ஏனெனில் படகில் குடியிருப்பவனின் நாட்காட்டியை எழுதுவது காற்று. நம் வடபகுதி மீனவர்கள் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். (காலிமுகத்திடலில் சரையில் சுற்றி விற்கும் கச்சான் கடலையோடு இதற்கு உறவில்லை, என் மனைவி முதல் வருடம் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தாள்.) மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்கும் தெற்கும் மூடப்பட்டுவிட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் ஒரு மாலை காலிமுகத்திடலின் கைப்பிடிச்சுவர் அருகே நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். கொழும்புத் துறைமுகமே இயற்கையான துறைமுகம் அல்ல. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டுப் பத்தாண்டுகள் கட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் எழும்வரை இந்தப் பருவத்தில் கப்பல்கள் இங்கே திறந்த கடலில் ஆடிக்கொண்டு நின்றன. அந்தக் காலத்தில் காலித் துறைமுகம் பெரிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே மாதங்களில் கிழக்கே நிலைமை நேர்மாறு. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று திருகோணமலையை அடையும்போது உலர்ந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நிலத்திலிருந்து வீசும் காற்றில் அலை எழ இடமில்லை. கரையை ஒட்டிய நீர் குளம்போல் கிடக்கும். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லிச் சலித்துக்கொள்வது இந்த வெப்பக்காற்றைத்தான். பிற்பகலில் அது பலமாக அடிக்கும். நங்கூரம் நன்றாகப் பிடித்திருந்தால் படகுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாக்கு வறண்டுபோகும். டிசெம்பரில் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும்: கிழக்கு கொந்தளிக்கும், காலி, மிரிச, பேருவளைப் பக்கம் காலையில் மெல்லிய தரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று என்று ஏப்ரல் வரை பாய்ப்படகுக்கென்றே செய்துவைத்தாற்போல் ஓடும்.

ஆகவே ஓர் ஆண்டு இப்படிப் பிரியும்: டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை மேற்கிலும் தெற்கிலும், ஏப்ரல் கடைசியில், காற்று இரண்டுங்கெட்டானாக இருக்கும் நாட்களில் தெற்கு முனையைச் சுற்றிக் கிழக்குக்கு, செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கம், ஒக்டோபரில் திரும்புதல், அல்லது படகைக் கரையேற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருதல். நவம்பரில் வங்காள விரிகுடாவில் நாங்கள் இருப்பதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை நேரில் கண்ட உறவினர் எனக்கு உண்டு. அவர் சொன்னதைக் கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வீட்டை முழுதாக வாடகைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஓர் அறையையாவது உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பழக்கமில்லாதவருக்கு மிகக் கடினமான பகுதி அந்தத் தெற்கு முனைதான். காலியிலிருந்து திருகோணமலைக்கு ஐந்து நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், போனால் ஏறத்தாழ இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். தெய்வந்துறையை, சிங்களத்தில் தெவுந்தர என்பதை, கடலோடிகள் மிகப் பழங்காலம் தொட்டே திருப்புமுனையாகக் கொண்டிருந்தார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ காலியில் விட்டுச் சென்ற, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் கோயில்கொண்டிருந்த தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. கல்வெட்டு நம் கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில்தான் இருக்கிறது, படகு வாங்குமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்று அந்த முனையில் 49 மீற்றர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்குத் தெற்கே, ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெருங்கப்பல்கள் எல்லாம் வரிசையாகப் போகும் பாதை. நான் அந்தக் கப்பல்களின் உள்ளே இருந்தவன். உங்கள் படகு அங்கிருப்பவர்களின் கண்ணில் படும் என்று ஒருபோதும் நம்ப வேண்டாம். கப்பல்களைத் தானாகக் காட்டும் ஏஐஎஸ் கருவி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கப்பலுக்குப் பயந்து கரைக்கு அருகே ஒதுங்கினால் அங்கே வலை. எங்கள் இரண்டாம் பருவத்தில் தங்காலைக்கு வெளியே, விடியப்புறம் மூன்று மணியிருக்கும். காற்று விழுந்துவிட்டதால் இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. ஏதோ மீன்பிடிப் படகு, விலகிப் போவோம் என்று நினைத்தேன். அது படகல்ல, வலையின் நுனியில் கட்டிய மிதவை விளக்கு. இயந்திரம் ஒருமுறை கனைத்துவிட்டு நின்றது. நைலோன் வலை புரோப்பெல்லரைச் சுற்றித் தேங்காய் அளவுக்கு உருண்டு, உராய்ந்த சூட்டில் பாதி உருகிக் கட்டியாகியிருந்தது. விடியும்வரை மிதந்தோம். வெளிச்சம் வந்ததும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாண் வெட்டும் பல்லுக்கத்தியோடு இறங்கினேன். அந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ஒரு மூச்சுக்கு நாலைந்து இழை வீதம் முக்கால் மணி நேரம் பிடித்தது. இடையில் வலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, கிழிந்ததற்கு அவர்கள் சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். போகும்போது ஒரு சூரை மீனை எங்கள் தளத்தில் எறிந்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அந்தக் கரையில் இரவில் ஓடுவதானால், வலைகள் குறையும் தூரத்துக்கு வெளியேயும் கப்பல் பாதைக்கு உள்ளேயுமாக நடுவில் ஓடுகிறேன். ஒருவர் தூங்கினால் மற்றவர் வெளியே உட்கார்ந்திருப்பார். இருவர் மட்டும் உள்ள படகில் இந்தத் தூக்கக் குறைவுதான் உடலை அதிகம் வாட்டுவது.

அந்த முனையைத் தாண்டினால் கிரிந்தைக்கு வெளியே இராவணன் கோட்டை என்று வழங்கும் பாறைத் தொடர்கள். பெரியதன் கலங்கரை விளக்கம் 1873 இலும் சிறியதன் விளக்கம் 1878 இலும் ஏற்றப்பட்டன. அவற்றுக்கு வெளிப்புறமாகப் போங்கள். உள்வழி பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இனிக் குடித்தனம். கரையிலிருப்பவர்கள் புயலைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையில் நாளாந்தம் போராடுவது வெப்பத்தோடும் உப்போடும். நம் கடல்நீரின் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே படகின் உடம்பு இரவிலும் குளிர்வதில்லை. நங்கூரத்தில் நிற்கும் படகு எப்போதும் காற்றுக்கு முகம் காட்டித் திரும்பி நிற்பதால், அணியப் பக்கத்து, அதாவது முன்பக்கத்து, மூடியைத் திறந்து அதன்மேல் ஒரு துணிப் பாயைக் காற்றுப் பிடிக்கக் கட்டினால் அறை முழுவதும் காற்று ஓடும். துறைமுகத்து மேடையில் கட்டப்பட்ட படகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தளத்துக்கு மேலே வெள்ளைக் கன்வஸ் விரிப்பு ஒன்றை விரித்துவையுங்கள். விலையுயர்ந்த மின்னணுக் கருவிகளைவிட அது பெரிய உபகாரம்.

உப்பு பற்றி ஒரு விதி: கடலில் நனைந்த எதுவும் அறைக்குள் வரக்கூடாது. உப்பேறிய துணி வெயிலில் காய்ந்ததுபோல் இருக்கும். இரவானதும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும். ஒருமுறை உப்பேறிய மெத்தையை நன்னீரில் கழுவாமல் உலர்த்தவே முடியாது; அதன் பின்னால் பூஞ்சணம் வரும். என் மனைவி படிக்கட்டின் மேல் ஒரு சிறு வாளி நன்னீரும் துவாயும் வைத்திருப்பாள். காலைக் கழுவித் துடைக்காமல் எவரும் கீழே இறங்க முடியாது, விருந்தினர் உட்பட.

நன்னீர்த் தாங்கி எங்கள் படகில் 300 லீற்றர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கத்தோடு வந்தால் நான்கு நாளில் முடிந்துவிடும். நாங்கள் இருவரும் நாளொன்றுக்குப் பதினெட்டு லீற்றருக்குள் நிற்பதால் இரண்டு கிழமைக்கு மேல் வரும். கடலில் குளித்துவிட்டு இரண்டு செம்பு நன்னீரால் அலசுவது, பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கடைசியில் மட்டும் நன்னீரில் நனைப்பது, அரிசியை முதலிரண்டு முறை கடல்நீரில் களைவது: இவ்வளவுதான் இரகசியம். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். மிகுந்த அழுத்தத்தில் நீரைச் சவ்வினூடே தள்ளுவது அதன் வேலை. மீன்பிடித் துறைமுகத்து எண்ணெய்ப் படலம் ஒருமுறை உள்ளே போனால் சவ்வு கெட்டுவிடும். பெருங்கடல் கடப்பவருக்கு அது தேவை. நமக்கு ஒரு கிழமைக்குள் ஏதாவது ஒரு குழாய் கிடைத்துவிடும்.

மின்சாரத்துக்கு 400 வாற்று சூரியத் தகடு போதும். நம் வெயிலில் அது நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவாற்று மணிக்குக் குறையாமல் தரும். சிறிய 12 வோல்ற்று குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, விளக்கு, தொலைபேசி, வழிகாட்டும் கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். சாதாரண ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள்; இறக்கினால் ஒரே பருவத்தில் செத்துப்போகும்.

சமையலில் நம்மவர்களுக்குப் பெரிய குறை வராது. புளி, பயறு, பருப்பு, கருவாடு, பூசணி, வாழைக்காய், வெங்காயம் எல்லாமே குளிரூட்டாமல் நிற்பவை. காலியில் ஒரு சிங்கள அம்மாவிடம் என் மனைவி கற்றுக்கொண்ட அம்புல் தியல், கொறுக்காப்புளியில் வற்றவைத்த சூரை மீன், வெளியே வைத்தாலும் நாட்கணக்கில் கெடாது. இடியப்பத்தை மறந்துவிடுங்கள், அந்த நீராவி அறையை விட்டுப் போக அரைநாள் எடுக்கும். அட்டைப் பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதன் மடிப்புகளில்தான் வரும். வாழைக்குலையைக் கடலில் ஒருமுறை முக்கி எடுத்த பிறகே ஏற்றுங்கள்.

வேடிக்கைப் பேச்சுக்கு இடமில்லாத விடயம் எரிவாயு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேற இடமுண்டு. படகில் அது அடித்தளத்துக்கு இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கி, இயந்திரத்தை இயக்கும் முதல் பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் வெளியே, அடியில் துளையிட்டுக் கடலை நோக்கி வடியும் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வாயிலேயே மூட வேண்டும். வாங்கப்போகும் படகில் சிலிண்டர் அடுப்புக்குக் கீழே நின்றால், அதை மாற்றாமல் ஓர் இரவுகூட அதில் தூங்காதீர்கள்.

படகு வாங்குவது பற்றி. தை, மாசி மாதங்களில் தென்கிழக்காசியாவிலிருந்து மாலைதீவையும் செங்கடலையும் நோக்கிப் போகும் வெளிநாட்டுப் படகுகள் காலியிலும் திருகோணமலையிலும் தங்குகின்றன. பயணத்தைக் கைவிட்டு இங்கேயே விற்பவரும் உண்டு. விலை மலிவாகத் தோன்றும். என் முதல் படகை அப்படித்தான் பார்த்தேன்; சுங்கத் தீர்வை கட்டியாயிற்று என்று இடைத்தரகர் சத்தியம் செய்தார், முற்பணமும் கொடுத்தேன்; கட்டியிருக்கவில்லை. முற்பணம் போனது. தீர்வைப் பத்திரத்தை நீங்களே சுங்கத்தில் கொண்டுபோய்க் காட்டி உறுதிப்படுத்தாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவு, வானொலி உரிமம் ஆகியவை கொழும்பிலேயே முடியும் வேலைகள், பொறுமைதான் வேண்டும். துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகும்போது கடற்படைக்கும் கரையோரக் காவற்படைக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்; மீன்பிடித் துறைமுகங்களில் மீனவர்தான் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி என்பதை மறவாமல் நடந்தால் இடம் கிடைக்கும். வாங்கிய விலையில் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். வெப்பக் கடலில் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் பார்த்தவன் என்ற முறையில், அது குறைவான கணக்கு என்பேன்.

பாய்க்கப்பல் தமிழருக்குப் புதிது என்று உங்கள் பிள்ளைகள் தடுத்தால், 'அன்னபூரணி'யின் கதையைச் சொல்லுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அத்திலாந்திக் கடல்வரை ஓட்டி, 1938 இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இந்த ஆண்டு பொல்கொட ஏரியில் சிறிய பாய்ப்படகு ஒன்றில், இருவருமே, பாய் கட்டவும் திருப்பவும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு மற்றவர் பயணியாக இருக்கும் படகு நிலைத்து ஓடி நான் பார்த்ததில்லை, ஏனெனில் ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் அவரைத் திரும்பி வந்து எடுக்க மற்றவருக்குத் தெரிய வேண்டும். மார்ச் மாதம் எங்கள் படகு காலியில் நிற்கும். இருவரும் வந்து மூன்று இரவு அதில் தூங்கிப் பாருங்கள். போர்வை தேவைப்படாது, நுளம்பு வலை கொண்டுவாருங்கள், சாமானை அட்டைப் பெட்டியில் மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள்.